தொழுகை வரிசை கலைந்த பின்பு

நந்தி மலையில் தோன்றிக் கர்நாடகத்தைக் கடந்து வரும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டித் தென்கிழக்காகத் திரும்பும் பாதையில் அமைந்த காவேரிப்பட்டினம், இன்று மாந்தோப்புகளாலும் மாங்கூழ் ஆலைகளாலும் அறியப்படுகிற ஊராக இருப்பினும், இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பு ராஜ்ஜியங்களின் எல்லைகள் ஒன்றோடொன்று உரசிய கோட்டையூராக இருந்தது. 1767-இல், முதலாம் மைசூர் யுத்தத்தின் ஆரம்ப கட்டத்தில், ஹைதர் அலி இக்கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இவ்வூரை உள்ளடக்கிய பாராமகால் பகுதி முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. படைகள் வந்த வழியே சிப்பாய்களும், அவர்களைத் தொடர்ந்து வியாபாரிகளும், கைவினைஞரும், பக்கீர்களும் வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கி மண்ணோடு மண்ணாகிப் போனார்கள். ஆகையால் இப்பிரதேசத்து முஸ்லிம்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவர்கள் அல்லர். வீட்டில் தக்கினி உருது பேசுவோர் உண்டு. தமிழைத் தவிர வேறு மொழி அறியாத ராவுத்தரும் லெப்பையும் உண்டு. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தூதேகுலா மக்கள் உண்டு. ஓசூருக்கு அப்பால் கன்னடமும் கலந்து பேசுகிற குடும்பங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவர்கள் அனைவரும் 'பாய்' என்ற ஒரே அழைப்புக்குள் அடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குள்ளேயோ அந்த ஒருமை அவ்வளவு எளிதாகக் கைகூடவில்லை என்பதை, அச்சமுதாயத்தில் பிறந்து அதன் நன்மை தீமை இரண்டிலும் பங்கு கொண்டவன் என்ற உரிமையில் எழுதத் துணிகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஆலை முதலாளியும் அவருடைய லாரியில் மூட்டை ஏற்றுபவரும் தோளோடு தோள் சேர்த்து நிற்பது பொய்க்காட்சி அன்று. அந்த வரிசையில் முன்னால் வந்தவருக்கு முன்னிடம். தாமதித்து வந்தவர், அவர் எவ்வளவு பெரிய மனிதராயினும், பின்னால்தான் நிற்க வேண்டும். இந்நாட்டில் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராட்டம் நடத்த வேண்டியிருந்த காலத்தில், அந்த வரிசை எத்தனையோ பேருடைய உள்ளத்தை ஈர்த்தது. பெரியார் மீலாது மேடைகளில் ஏறி அதைப் புகழ்ந்ததற்கும் காரணம் அதுவே. ஆனால் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த பின்பு, பெண் கேட்டு வருகிற ஒருவரின் பெயர் வீட்டுத் திண்ணையில் அடிபடும்போது, முதற்கேள்வி அவருடைய தொழுகையைப் பற்றியதாக இருப்பதில்லை. 'உருதா, தமிழா?' என்பதே முதற்கேள்வி. 'பட்டாணியா, லெப்பையா?' என்பது அடுத்தது. உருது பேசுவோரில் சிலர் தமிழ் முஸ்லிமைக் குறிக்க 'லப்பே' என்று சொல்லும்போது அச்சொல்லில் ஏறும் தொனியையும், தமிழ் பேசுவோரில் சிலர் 'பட்டாணி' என்று சொல்லும்போது முகத்தில் தோன்றும் ஏளனத்தையும் கேட்டும் கண்டும் வளராத பிள்ளை இவ்வட்டாரத்தில் குறைவு. ஒருவர் மற்றவரை அரைகுறை முஸ்லிம் என்கிறார். மற்றவர் அவரை இந்த மண்ணோடு ஒட்டாதவர் என்கிறார்.

இவ்விரு பக்கங்களிலும் துவேஷம் சமமாக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டால் அது நியாயமாகாது. நவாபுகளின் ஆட்சியும் மைசூரின் ஆட்சியும் உருதுக்கு ஒரு தர்பார் கௌரவத்தைத் தந்தன. அரபுக் கல்லூரிகள் பலவற்றில் பல தலைமுறைகளாக உருதின் வழியாகவே மார்க்கக் கல்வி புகட்டப்பட்டது. ஆகவே தமிழ்ப் பிள்ளை ஒருவன் ஆலிமாக வேண்டுமானால், அரபியைக் கற்பதற்கு முன்னால் இன்னொருவருடைய வீட்டு மொழியைக் கற்க வேண்டியிருந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வணிகத்தால் செல்வம் பெற்ற லெப்பைக் குடும்பங்கள் பல, காலப்போக்கில் உருதையே தங்கள் மொழியாக ஆக்கிக்கொண்டதற்கும் இந்தக் கௌரவத்தின் கவர்ச்சி ஒரு காரணம். உருது அழகிய மொழி. அதன் கவிதை மரபு எந்த மொழிக்கும் பெருமை சேர்க்கக்கூடியது. இன்று தமிழகத்தில் அதுவும் சிறுபான்மை மொழியின் சங்கடத்தில் இருப்பதை நான் மறக்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பை எட்டியபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்து உருது, தெலுங்குப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் அடைந்த கவலை உண்மையான கவலை. ஆயினும் மொழியின் பேரில் கொள்ளும் அபிமானம் வேறு, அம்மொழி பேசாதவனின் ஈமானை எடைபோடத் துணிவது வேறு.

இந்த எடைபோடலில் அதிகம் தாழ்த்தப்பட்டவர்கள் தூதேகுலா மக்கள். வில்லின் நாணைப் பஞ்சின் மீது அதிரச்செய்து, கட்டித் தட்டிய பழம்பஞ்சைப் பொங்கும் நுரைபோல் ஆக்கித் தரும் பரம்பரைத் தொழிலையுடைய இவர்கள் பிஞ்சாரி என்றும் நூர்பாஷா என்றும் நதாஃப் என்றும் இடத்துக்கு இடம் வெவ்வேறு பெயர்களால் அழைக்கப்படுகிறார்கள். மெத்தையும் தலையணையும் தைத்துத் தந்து, ஊரார் சுகமாக உறங்குவதற்கு உழைத்த இந்த மக்களுடைய சடங்குகளில் அண்டை வீட்டு இந்துக்களின் வழக்கங்கள் சில கலந்திருக்கின்றன என்பதும், வீட்டில் தெலுங்கே ஒலிக்கிறது என்பதும், தொழில் தூசி படிந்தது என்பதும் குற்றங்களாக எண்ணப்பட்டு, இவர்களுடைய பெண்ணை எடுப்பதற்கும் இவர்களுக்குப் பெண் கொடுப்பதற்கும் உருது முஸ்லிமும் தயங்கினார், தமிழ் முஸ்லிமும் தயங்கினார். தங்களுக்குள் எதிலும் ஒத்துப்போகாத இரு சாராரும் இந்த ஒரு தயக்கத்தில் மட்டும் ஒத்துப்போனது எனக்குத் தீராத வேதனையைத் தருகிறது.

சமுதாயம் வாய்விட்டுச் சொல்லக் கூசுவதை அரசாங்க ஏடு கூசாமல் எழுதிவைத்திருக்கிறது. 2007-இல் தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டினுள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காட்டைத் தனியே பிரித்துச் சட்டமாக்கியது. அதற்குரிய பட்டியலில் உள்ள பிரிவுகள் ஏழு: அன்சார், தக்கினி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத். லெப்பை என்னும் பதிவுக்கு அருகில், அவர்கள் பேசுவது தமிழாயினும் உருதாயினும் சரி என்று ஒரு விளக்கமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியைக் கடந்து கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே பிஞ்சாரி, நதாஃப் மக்கள் மிகவும் பின்தங்கியவர்களுக்குரிய முதற்பிரிவில் இருக்கிறார்கள். ஏனைய முஸ்லிம்களில் பெரும்பாலோர் 2-பி என்ற பிரிவில் 4 விழுக்காட்டுக்கு உரியவர்களாக இருந்தார்கள். 2023 மார்ச்சில், தேர்தல் நெருங்கிய வேளையில், அன்றைய கர்நாடக அரசு அந்த 4 விழுக்காட்டை நீக்கி உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றதால் உத்தரவு நடைமுறைக்கு வராமல் நின்றது. ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் இந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் ஒரே ஆலைக்கு வேலைக்கு வருகிறார்கள். இருவரும் பஞ்சடிப்பவர்களின் பேரன்மாராகவே இருக்கலாம். அவர்களுடைய சாதிச் சான்றிதழ்கள் சொல்லும் கதைகள் வேறு வேறு. பிறப்பு இஸ்லாத்தில் பொருட்படுத்தப்படுவதில்லை என்று மேடையில் முழங்குகிற நாம், பிறப்பைக் குறிக்கும் இந்தச் சான்றிதழ்களை வாங்க வருவாய் அலுவலகத்தில் காத்திருக்கிறோம். காத்திருப்பது தவறன்று, பின்தங்கியவன் கைதூக்கிவிடப்பட வேண்டியவனே. பின்தங்கச் செய்ததில் நமக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதே தவறு.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் மனிதர்கள் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சம் ஒன்றே மேன்மைக்கு அளவுகோல் என்றும் குர்ஆன் உணர்த்துகிறது. கி.பி. 632-இல் நபிகள் நாயகம் நிகழ்த்திய இறுதி ஹஜ்ஜுப் பேருரையின் சாரமும் அரபிக்கும் அரபியல்லாதவனுக்கும் இடையே பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்பதே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், மக்கா வெற்றியின் நாளில், அபிசீனிய வம்சத்தில் அடிமையாகப் பிறந்த பிலால் கஃபாவின் மீதேறித் தொழுகைக்கு அழைப்பு விடுத்தபோது, குறைஷித் தலைவர்கள் சிலர் முகம் சுளித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அன்று சுளித்த முகங்கள் இன்றும் நம் வீட்டுத் திருமணப் பேச்சுகளில் தென்படுகின்றன.

ஆனால் மார்க்கத்தின் மூலநூல்களுக்கும் மக்களின் நடைமுறைக்கும் இடையே ஒரு பாலம் கட்டப்பட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மணமக்கள் ஒருவருக்கொருவர் நிகரானவர்களாக இருக்க வேண்டும் என்ற 'குஃபு' விதியை விரித்துரைத்த ஹனஃபிச் சட்ட அறிஞர்கள், வம்சத்தையும் தொழிலையும், எத்தனை தலைமுறையாக முஸ்லிம் என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். நெய்பவரும், இரத்தம் குத்தி எடுப்பவரும், தோல் பதனிடுபவரும் தாழ்ந்த தொழிலினர் என்று பழைய சட்ட நூல்கள் எழுதின. இமாம் மாலிக்கோ மார்க்கப் பற்றையே நிகருக்கு அளவாகக் கொண்டார். வேறுபட்ட அபிப்பிராயம் அன்றே இருந்தது. இந்திய முஸ்லிம்கள் தங்கள் சூழலுக்கு வசதியானதையே தேர்ந்துகொண்டார்கள். மௌலானா அஷ்ரஃப் அலி தானவி எழுதி வட இந்தியாவில் பெண்களுக்குச் சீதனமாகவே தரப்பட்ட 'பஹிஷ்தீ ஸேவர்' நூலிலும் ஷேக், சையத், முகல், பட்டாணி என்ற படிவரிசை குஃபுவின் பேரால் இடம்பெற்றது. இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. சட்ட நூல் தாழ்த்தி எழுதிய தோல் பதனிடும் தொழிலையே செய்து வடஆற்காட்டில் மாளிகைகளும் கல்லூரிகளும் எழுப்பிய குடும்பங்களுக்கு இன்று எந்த வீட்டிலும் பெண் மறுக்கப்படுவதில்லை. நூலின் விதி செல்வத்துக்கு வளைந்துகொடுத்தது. பஞ்சு அடிப்பவருக்கு வளையவில்லை. ஆகையால், இது ஷரீஅத்தின் கட்டளை என்று சொல்பவர்களின் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

அரசியல் இதனுள் எப்படிப் புகுந்தது என்பதைத் தமிழகத்தின் சரித்திரமே காட்டுகிறது. 1938-இல் ராஜாஜி அரசாங்கம் 125 பள்ளிகளில் ஹிந்துஸ்தானியைக் கட்டாயமாக்கியபோது, வடக்கே முஸ்லிம் லீக் உருதைச் சமுதாயம் முழுவதற்குமான மொழியாக முன்னிறுத்திக்கொண்டிருந்த அவ்வேளையில், திருச்சியைச் சேர்ந்த பி. கலிபுல்லா சாகிப் சென்னைச் சட்டமன்றத்தில் எழுந்து, தாம் ஒரு ராவுத்தர் என்றும், தம் தாய்மொழி தமிழேயன்றி உருதன்று என்றும், அதில் தமக்கு வெட்கமில்லை, பெருமையே உண்டு என்றும் பகிரங்கமாக அறிவித்தார். தம்முடைய சமுதாயத்தின் மேட்டுக்குடியினர் எதை எதிர்பார்த்தார்களோ அதற்கு மாறாகச் சொல்ல அன்று துணிவு வேண்டியிருந்தது. அதற்கு முன்பே பா. தாவூத்ஷா 'தாருல் இஸ்லாம்' பத்திரிகையின் மூலம், மக்களுக்குப் புரிகிற தமிழிலேயே மார்க்கம் சொல்லப்பட வேண்டுமென்று ஓயாமல் வாதாடி, அதற்காகக் கடும் வசைகளைச் சுமந்தார். 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப், தொன்மையே அளவுகோலானால் அந்த ஸ்தானம் தமிழுக்கு உரியது என்று வாதிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சு 10-ஆம் தேதி சென்னையில் கூடி உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைவர் அவர் என்பதை நினைத்தால், அந்த வாதத்தின் கனம் விளங்கும்.

இதற்கு எதிரான பாதையில் சென்றால் என்ன நேரும் என்பதையும் அதே தலைமுறை கண்டது. 1948 மார்ச்சில் டாக்காவில் ஜின்னா உருது ஒன்றே பாகிஸ்தானின் அரசமொழி என்று அறிவித்ததும், 1952 பிப்ரவரி 21-இல் வங்க மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டதும், 1971-இல் மதத்தின் பேரால் அமைந்த அந்த நாடே இரண்டானதும் வெறும் மொழிப் பிரச்சினையால் நேர்ந்தவை அல்ல. வங்காள முஸ்லிம் குள்ளமானவன், கறுத்தவன், பாதி இந்து என்ற இகழ்ச்சி மேற்கே வேரூன்றியிருந்தது. கலிமா ஒன்றாக இருந்தும் அந்த இகழ்ச்சியைத் தடுக்க முடியவில்லை. இலங்கையிலோ காரியம் வேறு விதமாகத் திரும்பியது. 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன், தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுத, அதில் அரசியல் பிரதிநிதித்துவத்தைப் பறிக்கும் நோக்கத்தைக் கண்ட சோனகத் தலைவர்கள், 1907-இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் மறுப்பு நூலின் வழியே அரபு வம்சாவளியை வலியுறுத்தினார்கள். வம்சப் பெருமை சில வேளைகளில் பிறர் விழுங்கிவிடாதபடி தற்காத்துக்கொள்ளும் கேடயமாகவும் இருந்திருக்கிறது. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. கேடயமாக எடுத்தது பின்பு வீட்டுக்குள்ளே சுவராக நின்றுவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

இன்று இந்தப் பேதத்தை வெளியார் எடுத்துப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் உள்ளேயிருந்தே இதைப் பேசியவர்கள் முன்பே உண்டு. பீகாரில் அலி அன்வர் 1998-இல் பஸ்மாந்தா, அதாவது பின்தங்கிய, முஸ்லிம்களின் இயக்கத்தைத் தொடங்கி, நெசவாளரும் கசாப்புக்காரரும் துப்புரவுத் தொழிலாளரும் தங்கள் சமுதாயத்தின் உயர்குடிகளிடமே நியாயம் கேட்கும் குரலை எழுப்பினார். 2006-இல் சச்சார் குழுவின் அறிக்கையும் அஷ்ரஃப், அஜ்லாஃப், அர்ஸால் என்ற மேல், இடை, கடை அடுக்குகளைப் பதிவு செய்தது. அன்றெல்லாம் காது கொடுக்காதவர்கள், 2022-இல் ஹைதராபாதில் பாரதிய ஜனதாவின் செயற்குழுவில் பிரதமர் பஸ்மாந்தா மக்களைக் குறிப்பிட்டுப் பேசியதும் பதறினார்கள். 2025-இன் வக்ஃபு திருத்தச் சட்டம், வாரியங்களில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு இடம் தர வேண்டுமென்று சொல்கிறது. அதே சட்டம் முஸ்லிமல்லாதவர்களையும் வாரியத்தில் அமர்த்துகிறது. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அது மசோதாவாக இருந்தபோதே தமிழகச் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியதையும் நான் வரவேற்கிறேன். மாட்டிறைச்சியின் பேராலும் கால்நடை வியாபாரத்தின் பேராலும் அடித்துக் கொல்லப்பட்டவர்களில் ஏழை முஸ்லிம்களே மிகுதி என்றிருக்க, அவர்கள்மீது இரக்கம் கொண்டதாகச் சொல்லும் அரசியலை எளிதில் நம்புவதற்கில்லை. ஆயினும், கெட்ட எண்ணத்தோடு சுட்டிக்காட்டப்பட்டது என்பதனால் புண் இல்லாமல் போய்விடுமா? பஸ்மாந்தா என்ற பேச்சே சமுதாய ஒற்றுமையைக் குலைக்கும் சதி என்று சொல்லி வாயடைப்பவர்கள், அந்தச் சதிக்கு வேண்டிய இடத்தைத் தாங்களே காலி செய்து கொடுக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தூதேகுலா ஒருவரை வாரியத்திலும் ஜமாஅத்திலும் நாமே அமர்த்தியிருந்தால், பிறர் வந்து கேட்க இடம் ஏது?

புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவரின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பிலிருந்து மதம் மாறிய ஒருவர் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமாகச் சலுகை கோர இயலாது என்று தீர்ப்பளித்தது. பட்டியலிலுள்ள ஏழு பிரிவுகளில் அவர் எதைச் சேர்ந்தவர் என்பதே கேள்வியாயிற்று. 2024 மார்ச்சில் தமிழக அரசு ஆணை பிறப்பித்து, இத்தகையோரையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கொள்ள வழிசெய்தது. அரசாங்கம் ஓர் ஆணையால் செய்ததை நாம் மனத்தால் செய்தோமா? 1981-இல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது ஊர்தோறும் பெருமிதத்தோடு பேசினோம். வந்தவர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், பேச்சு நின்றுவிடுகிறது. பட்டியல் சாதியினருக்குரிய உரிமையை 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மறுப்பதை அநீதி என்கிறோம். அது அநீதிதான். அந்த வழக்கில் நம் வாதமே, மதம் மாறிய பின்பும் சாதி விடுவதில்லை என்பதாக இருக்கிறது. அப்படியானால் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களில் நாமும் இருக்கிறோம் என்பதை அந்த வாதமே ஒப்புக்கொள்கிறது.

இதற்கெல்லாம் மேலாக, கடந்த சில ஆண்டுகளில் இந்தத் தொழில்வட்டாரத்திற்குப் புதியவர்கள் வந்திருக்கிறார்கள். ஓசூரிலும் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் ஆலைகள் பெருகப் பெருக, பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் கைப்பேசி வழியே பரவி, ஆயிரக்கணக்கானோரை அஞ்சச் செய்ததை மறந்திருக்க மாட்டோம். வதந்தியைப் பரப்பியவர்கள்மீது வழக்குகள் பாய்ந்தன. ஆனால் வழக்கின் வரம்புக்குள் வராத சிறு விஷங்கள் நம் வட்டாரத்துக் கைப்பேசிகளில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அஸ்ஸாமிலிருந்து வந்த முஸ்லிமைப் பார்த்துப் 'பங்களாதேஷி' என்று முணுமுணுக்கும் முஸ்லிமை நான் அறிவேன். 2019-இல் அங்கே வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டபோது இங்கே கண்டனக் கூட்டம் நடத்தியவர்களும் அப்படி முணுமுணுப்பவர்களில் இருக்கிறார்கள். ஐந்து வேளையும் நம் பள்ளிவாசலுக்கு வந்து, உருது பயானும் புரியாமல் தமிழ் பயானும் புரியாமல் தூணோரமாக அமர்ந்திருக்கும் அந்த இளைஞன் தன் ஊரில் அந்நியன் எனப்பட்டு, இங்கே தன் மார்க்கத்தாராலும் அந்நியன் எனப்படுகிறான்.

ஆகவே நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு பள்ளிவாசலின் ஜமாஅத்திலும் உறுப்பினர் பட்டியல் ஒன்று இருக்கிறது. மாதச் சந்தா செலுத்தும் உள்ளூர்க் குடும்பங்களின் பெயர்கள் அதில் உண்டு. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி யார், மஹல்லாவின் நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்திடுபவர் யார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலிலிருந்தே தீர்மானமாகின்றன. ஓராண்டுக்கு மேல் மஹல்லாவில் வசிக்கிற எந்த முஸ்லிமும், அவர் தூதேகுலாவோ, புதிதாக வந்தவரோ, வங்காளியோ, அப்பட்டியலில் வாக்குரிமையோடு சேர்க்கப்பட வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரலாம். நிக்காஹ் குத்பாவுக்கு முன் ஹஜ்ரத் சில நிமிடங்கள் குஃபுவைப் பற்றி இமாம் மாலிக்கின் அபிப்பிராயத்தையும் எடுத்துச் சொல்லலாம். இரு மொழிப் பள்ளிவாசல்களின் நிர்வாகிகள் ரமலானில் ஒருநாளாவது ஒரே இடத்தில் நோன்பு திறக்கலாம். தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் எழுந்து, வெளியாரிடம் நிர்வாகம் போய்விடும் என்பார்கள். அப்போது, வெளியார் என்று யாரைச் சொல்கிறீர்கள், பெயர் சொல்லுங்கள் என்று சபையில் ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும். கேள்விக்கு விடை வரும் வரையில் அமராமல் நிற்கவும் வேண்டும்.